அண்டர்டேலா, அண்டர்ரெயிலா? ஏழை விளையாட்டுகளை எந்தத் தராசில் நிறுப்பது

யாழ்ப்பாணத்தில் டயர் 'ரயர்' ஆகும், டீச்சர் 'ரீச்சர்' ஆவார். இந்தப் பழக்கத்தால் என் அக்காவின் மகனுக்குப் பிறந்தநாள் பரிசே மாறிப்போனது. என்ன வேண்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமா கேட்க, அவன் தமிழில் 'அண்டர்ரேல்' என்று தட்டி அனுப்பினான். அவர் அதை எழுத்துக்கு எழுத்து வாசித்து, இணையக் கடையில் தேடி, 'அண்டர்ரெயில்' என்ற கணினி விளையாட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். அவன் கேட்டதோ 'அண்டர்டேல்'. "மாமா, இதில் பகிடி விடுகிற எலும்புக்கூட்டைக் காணவில்லையே?" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றான்.

பெயர்க் குழப்பம் ஒருபுறம் இருக்க, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. இரண்டும் 2015 இல் வந்தவை. ஒன்று செப்டம்பரில், மற்றது டிசம்பரில். இரண்டும் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று, வளர்த்து, கதைக்குள் நடத்திப் போகும் வகை. இரண்டும் சொற்பக் காசில் செய்யப்பட்டவை. இரண்டின் கதையும் நிலத்துக்கு அடியில் நடக்கிறது. மூன்றாவதாக நான் சேர்க்கப்போகும் 'அவெர்னம்' தொடரும் அப்படியே. வானம் வரைவதற்கு இவர்கள் எவரிடமும் காசு இருக்கவில்லை போலும். பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் குப்பி விளக்கில் படித்த தலைமுறைக்கு இந்த உலகங்கள் அவ்வளவு அந்நியமும் அல்ல.

எங்கள் ஊர் நூல் வெளியீட்டு விழாக்களில் நயப்புரை என்று ஒன்று இருக்கும், ஆய்வுரை என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் இரண்டும் ஒரே பேச்சுத்தான். "எங்கள் பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்" என்பதோடு ஆய்வு முடிந்துவிடும். சிறு விளையாட்டுகளைப் பற்றியும் உலகம் முழுவதும் இதே நயப்புரைதான் ஓடுகிறது: தனி ஆள் செய்தது, குறை சொல்லலாமா? இதற்கு நேரெதிர்க் கட்சி, அதே 2015 இல் வந்த 'விட்சர் 3' என்ற பெரும் செலவு ஆர்பிஜியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, இதென்ன கட்டம் கட்டமான படம் என்று சிரிக்கிறது. விட்சருக்கு விளம்பரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவானது. அண்டர்டேலைச் செய்த டோபி ஃபாக்ஸ் அதற்காக 2013 இல், பொதுமக்களிடம் காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்டது 5,000 டாலர். கிடைத்தது 51,000 டாலருக்குச் சற்று மேல். இந்த இரு கட்சியிலும் எனக்கு இடமில்லை. ஒரு குறையைக் கண்டால் நான் கேட்பது ஒன்றுதான்: கை நிறையக் காசு இருந்திருந்தாலும் இவர் இதை இப்படித்தான் செய்திருப்பாரா? ஆம் என்றால் அந்தக் குறை செய்தவருடையது, வறுமையுடையது அல்ல.

முதலில் படம். அண்டர்டேலின் உருவங்கள் சில இடங்களில் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வரைந்தவை போல இருக்கும். அண்டர்ரெயிலில் பழுப்பு அறைக்கு அடுத்தது இன்னொரு பழுப்பு அறை. இரண்டையும் மன்னித்துவிடலாம். அவெர்னத்தைச் செய்யும் அமெரிக்கர் ஜெஃப் வோகல் ஒரு விளையாட்டின் படங்களை அடுத்ததிலும் எடுத்துப் போடுவார். தம் விளையாட்டுகள் ஏன் இப்படி அழகற்று இருக்கின்றன என்று அவரே வெளிப்படையாக எழுதியும் இருக்கிறார். படத்தைப் பற்றி இதற்கு மேல் பேசுவது வீண்.

சண்டையில்தான் தராசு அசையத் தொடங்குகிறது. அண்டர்டேலில் எதிரியின் முறை வரும்போது ஒரு சிறு பெட்டிக்குள் உங்கள் இதயம் நிற்கும். வருகிற குண்டுகளுக்கு விலகி அதை ஓட்ட வேண்டும். அடிக்காமல் பேசியும் தப்பலாம்; ஒருவரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். ஒவ்வொரு எதிரியின் குணமும் அது எறிகிற குண்டிலேயே இருக்கிறது. தாயைப் போல வரும் டோரியல் உங்களைத் தடுத்து நிற்கையில், உங்கள் உயிர் குறைந்துபோனால் அவள் வீசும் நெருப்பு உங்களை விட்டு விலகிப் போகும். ஒரு சொல் வசனம் இல்லாமல் ஒரு பாத்திரத்தைக் காட்டிவிட்டார்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை, யோசனைதான் வேண்டும். இத்தனைக்கும் இசையும் எழுத்தும் நிரலும் பெரும்பாலும் ஒரே ஆளின் வேலை.

ஆனால் ஹாட்லாண்ட் என்ற பகுதிக்கு வந்ததும் நடை அறுகிறது. தொலைபேசி அழைப்பு, மறுபடி அழைப்பு, புதிர் என்ற பெயரில் பெட்டி தள்ளும் வேலை. இங்கே நான் ஒரு மணிநேரத்தை வெட்டி எறிந்திருப்பேன். வெட்டுவதற்குக் காசு செலவாவதில்லை என்பதால் இந்தக் குறையை மன்னிக்க மாட்டேன். பகிடிகளில் ஒரு பங்கு நமக்கு எட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு எலும்புக்கூடுகளும் தங்கள் பெயர் கொண்ட ஆங்கில எழுத்துருக்களிலேயே பேசும். ஒரு பாத்திரம் பாமினியில் பேசி, எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் நாம் எப்படிச் சிரிப்போம்? அந்தச் சிரிப்பு ஆங்கில வாசகர்களுக்கு இங்கே கிடைக்கிறது.

செர்பியச் சிறு குழு ஒன்று செய்த அண்டர்ரெயில் வேறு இனம். பூமியின் மேற்பரப்பில் வாழ முடியாமல் போய், மனிதர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் குடியிருக்கிறார்கள். முறை வைத்து நடக்கும் சண்டை. ஒவ்வொரு அடியும் கணக்கு. இதன் ஆகச் சிறந்த யோசனை, பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளியைக் கொலைக்குக் கொடுக்காமல் மூலை முடுக்கில் கிடக்கும் விசித்திரப் பொருள்களைக் கண்டெடுப்பதற்குக் கொடுப்பது. பழைய முறையே வேண்டும் என்பவர் தொடக்கத்திலேயே அதைத் தெரிவுசெய்யலாம். பதுங்கித் திரிபவனும் துப்பாக்கிக்காரனும் சமமாக வளர்கிறார்கள். கோடிக்கணக்கில் கொட்டிய பல நிறுவனங்களுக்குத் தோன்றாதது இது.

இனிக் கணக்கின் மறுபக்கம். வெளிவந்தபோது இதில் வரைபடம் இல்லை; பிறகுதான் சேர்த்தார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு வகைப் பொருளிலும் சிலதைத்தான் வாங்குவார்கள்; மிச்சத்தை விற்க நிலையம் நிலையமாக நடக்க வேண்டும். தொடக்கத்தில் தவறான திறனைத் தெரிவுசெய்துவிட்டால் திருத்த வழியில்லை. இருபது மணிநேரம் கழித்துத்தான் அந்தப் பிழை உங்களுக்குத் தெரியும். கடைசிப் பகுதியான ஆழ்குகைகள், கொன்ற எதிரிகள் திரும்பத் திரும்ப வரும் ஒரு தண்டனை. இவற்றையெல்லாம் "சிறு குழுதானே" என்று மூடி மறைக்கும் ரசிகர்கள் அந்தக் குழுவையே அவமதிக்கிறார்கள். வேண்டுமென்றே, ஒரு பிடிவாதத்தோடு எடுத்த முடிவுகள் இவை. சிலது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. வியாபாரி விவகாரம் பிடிக்கவில்லை.

அவெர்னம் பற்றிச் சுருக்கமாக. 1995 இல் 'எக்ஸைல்', 2000 இல் அதுவே 'அவெர்னம்', 2011 இல் மறுபடி அதே கதை புதிய உருவில். ஒரே வீட்டுக்கு மூன்று தரம் வெள்ளையடித்து வாடகைக்கு விடுவது என்று சொல்லலாம். ஆனால் வீடு உறுதியான வீடு. வாசிக்கப் பொறுமை உள்ளவருக்கு எழுத்து நன்றாக இருக்கிறது. பழைய கணினியிலும் முனகாமல் ஓடும்.

பெரிய நாடுகளின் விமர்சகர்கள் கேட்காத கேள்வி ஒன்று: மின்சாரம் போனால் என்ன ஆகும்? 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின்கலம் செத்த மடிக்கணினியில் நான் ஆடியவன். அண்டர்டேலில் நட்சத்திரம் மின்னும் இடங்களில்தான் சேமிக்கலாம். அதற்கு இடையில் விளக்கு அணைந்தால் பாதை முழுவதும் மறுபடி. அண்டர்ரெயிலிலும் அவெர்னத்திலும் சண்டை இல்லாத நேரம் நினைத்த இடத்தில் சேமித்துவிடலாம். அந்த மாதங்களில் நான் ஆடியது எதை என்று சொல்லத் தேவையில்லை.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பும். இந்த விதி அண்டர்டேலுக்குச் சாதகம்: ஏழெட்டு மணிநேரத்தில் முடிகிற கதை, இரண்டு மணிநேரத்தில் தன் கையைக் காட்டிவிடும். அண்டர்ரெயில் அதற்குள் எலி அடிக்கும் வேலையைத்தான் காட்டியிருக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அண்டர்டேல். அமெரிக்க விலை 10 டாலருக்குச் சற்றுக் குறைவு, அடிக்கடி விலைக்கழிவிலும் வரும். விரல் வேகம் இல்லாதவரும் கணக்குப் போட்டு ஆட விரும்புபவரும் 15 டாலர் அண்டர்ரெயிலை எடுக்கலாம், ஆழ்குகைகளுக்கு முன்னால் நிறுத்திவிடும் துணிவு இருந்தால். நான் நிறுத்திவிட்டேன்.

மருமகனுக்கு அண்டர்டேலை நானே வாங்கிக் கொடுத்தேன். ஒரு வார இறுதியில் முடித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பெரிய மாமாவின் பரிசைத் திறந்திருக்கிறான். இப்போது டிப்போ ஏ என்ற இடத்தில், அமிலம் துப்பும் நாய்களிடம் பத்தாவது தடவையாகச் செத்துக்கொண்டிருக்கிறான். ரொறன்ரோவுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. பெயர் மாறிய கதையை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.