பழி மணிக்கட்டுக்கு: சின்ன பிஸ்டலோடு ஐந்து வருடம்

டாலஸில் இருக்கும் ஒரு பெண், எனக்குத் தங்கை மாதிரி, போன வாரம் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே பிஸ்டல் நூறு டாலர் குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" அவளுக்கு கிரீன் கார்டு வந்தே ஒரு வருடம்தான் ஆகிறது. எச்1பியில் இருந்தவரை அந்தப் பேச்சே எழவில்லை. அந்த விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்க முடியாது. இப்போது நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகக் கார் ஓட்டி வீட்டுக்கு வருகிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை நடத்துகிறோம். வாரத்தில் நாலு நாள் இரவு கடையைப் பூட்டுவது நான். 2020 அக்டோபரில் இந்த பிஸ்டலை வாங்கினேன். ஒன்பது எம்எம், தோட்டா அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் பத்து தோட்டா, மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழல். மற்ற அளவுகள் எந்தக் கடையின் பக்கத்திலும் கிடைக்கும். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். இந்த அளவில் இன்று வருகிற எல்லா பிஸ்டல்களுக்கும் நான் சொல்லப்போவதில் பாதி பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து எடுத்துப் போவது என்றால் எல்லோரும் பெல்ட்டில் மாட்டுகிற உறையைத்தான் காட்டுவார்கள். சுடிதாருக்கு ஏது பெல்ட்? வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டையில், சுடும் விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையைப் பொருத்தி, அதில்தான் வைத்துக்கொள்கிறேன். டாப்ஸுக்கு மேல் துளிகூடத் தெரியாது. குனிந்து பால் கேன் அடுக்கலாம், தரை துடைக்கலாம். ஜூலை மாத ஹூஸ்டன் புழுக்கத்தில் வியர்வை ஊறி ஊறியும் ஸ்லைடில், அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பாகத்தில், ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஏழு கெஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் பத்தும் விழும். ஒரு நாள்கூட இதைச் சுமையாக நினைத்ததில்லை. 2018இல் சிக் நிறுவனத்தின் பி365 பிஸ்டல் வந்து, இத்தனை சிறிய உடம்புக்குள் பத்து தோட்டா வைக்க முடியும் என்று காட்டிய பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. அந்த மாற்றம் என்னைப் போன்ற சின்னக் கைக்காரர்களுக்குப் பெரிய உதவி.

இனி என் கோபத்துக்குக் காரணமான அரிசிமணிக் கதை.

ஒரு தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் போய் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும். திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் தள்ளி மூடிக்கொள்ளும். என் பிஸ்டலில் சில சமயம் அது முழுக்க மூடாது. ஒரு அரிசிமணி அளவுக்கு இடைவெளி விட்டு நின்றுவிடும். விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. உள்ளங்கையால் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் டக்கென்று மூடும். தட்ட இரண்டாவது கை வேண்டும், ஒரு நொடி வேண்டும், அதைவிட முக்கியமாக, மூடவில்லை என்பதே முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு இது பிடிபடவே இல்லை. 2020இலும் 2021இலும் தோட்டாவுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஐம்பது தோட்டா பெட்டி ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம், விலையும் மூன்று மடங்கு. புது பிஸ்டலை நம்பும் முன் குறைந்தது இருநூறு, முந்நூறு சுட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் அறுபதோடு நிறுத்தி, மிச்சத்தைப் பத்திரப்படுத்தினேன். அது என் தவறு. துப்பாக்கியை வெளியே எடுத்துப் போவதற்கான லைசென்ஸ் தேர்வையும் இதில் எழுதவில்லை, ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்த க்ளாக் 19 என்ற கொஞ்சம் பெரிய பிஸ்டலில்தான் எழுதினேன். மூன்று, ஏழு, பதினைந்து கெஜத்தில் மொத்தம் ஐம்பது தோட்டா. ஒன்றுகூட நிற்கவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தகுதியுள்ளவர்கள் கைத்துப்பாக்கியை எடுத்துப் போக லைசென்ஸ் கட்டாயமில்லை என்றாலும் அந்த வகுப்பு வீண் போகவில்லை. தொடர்ந்து சுட்டால் ஒரு துப்பாக்கி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அங்கேதான் பார்த்தேன்.

2022இல் தோட்டா தாராளமாக வந்ததும் மாதம் ஒரு முறை ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த இடைவெளி அடிக்கடி கண்ணில் பட்டது. கேட்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில் சொன்னார்கள். "மணிக்கட்டு தளர்வா இருக்கும்மா, இன்னும் இறுக்கிப் பிடி." கவுண்டரில் இருந்தவர் சொன்னார். பக்கத்து லேன்காரர் கேட்காமலேயே சொன்னார். கம்பெனிக்கு போன் போட்டால், பேர்கூடக் கேட்காமல் அதையே சொன்னார்கள். என் கணவரும் ஒரு தடவை சொன்னார், பிறகு சொல்லவில்லை.

அதில் உண்மை இல்லாமல் இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்லைடு பின்னால் போகும்போது கையும் சேர்ந்து பின்னால் போனால், ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காது. சின்ன பிஸ்டலில் அந்த ஓட்டமே குறைவு. ஸ்லைடு லேசு என்பதால் ஸ்பிரிங்கைக் கடினமாக வைக்கிறார்கள், அதனால் எல்லாம் வேகமாக நடக்கிறது. அந்தச் சிறு நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுத்தாக வேண்டும். பெரிய பிஸ்டல் பொறுத்துக்கொள்கிற அழுக்கையும் தளர்ச்சியையும் இது பொறுத்துக்கொள்ளாது. ஸ்பிரிங்கையும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். பயிற்சிக்கு வாங்குகிற உருண்டை மூக்குத் தோட்டா வழுக்கிக்கொண்டு போகும். தற்காப்புக்கு வைக்கிற குழிமுனைத் தோட்டாவின் வாய் விளிம்பு அறைக்குள் ஏறும் சரிவில் இடறலாம். எல்லாம் சரிதான். ஆனால் இதே மணிக்கட்டில் க்ளாக் 19 ஓடுகிறதே? இதைக் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

மனம் ஆறாமல் ஒரு கணக்கு நோட்டு போட்டேன். தேதி, எந்தத் தோட்டா, எந்த மேகசின், எத்தனையாவது சுடலில் நின்றது. மேகசின்களில் பெயிண்டால் 1, 2, 3 என்று எழுதி வைத்தேன். இரண்டே கால் வருடத்தில் 1,740 தோட்டா, 31 முறை நின்றது. ஐம்பத்தாறுக்கு ஒன்று. மூன்று மேகசினிலும் நின்றது, இரண்டு வகைத் தோட்டாவிலும் நின்றது. துடைத்த அன்றும் நின்றது, துடைக்காத அன்றும் நின்றது.

ஒரு சனிக்கிழமை, ரேஞ்சில் வகுப்பு எடுக்கிற பெரியவர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். ஆறடி உயரம், என் இரண்டு கை சேர்ந்தால் அவருடைய ஒரு கை. படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பிஸ்டலை வாங்கி மேகசின்களை நிரப்பினார். முதல் மூன்றும் ஓடின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி ஒன்றை நிரப்பினார், அதில் ஏழாம் தோட்டாவில் நின்றது, அதே அரிசிமணி. அவர் பிஸ்டலைப் பக்கவாட்டில் சாய்த்து, வெளிச்சத்தில் அந்த இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைக் காலி செய்து என் கையில் கொடுத்து, "அனுப்பி வை" என்றார். அவ்வளவுதான்.

அனுப்பினேன். கம்பெனிக்கு நேரடியாக அனுப்பலாம், சரி செய்து வீட்டுக்கே திருப்பியும் அனுப்பலாம். கடை வழியாகப் போக வேண்டியதில்லை. ஐந்து வாரம் கழித்து வந்தது. பெட்டிக்குள் துண்டுச் சீட்டில் ஒரே வரி: எக்ஸ்ட்ராக்டர் மாற்றப்பட்டது, ஸ்பிரிங் மாற்றப்பட்டது, சுட்டுச் சோதிக்கப்பட்டது. எக்ஸ்ட்ராக்டர் என்பது வெற்றுக்கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்கிற சின்னக் கொக்கி. புதுத் தோட்டா மேலே ஏறும்போது அதன் விளிம்பு இந்தக் கொக்கிக்கு அடியில் வழுக்கி நுழைய வேண்டும். கொக்கியின் அடியில் பிசிறு இருந்தாலோ, பிடி அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலோ தோட்டா தயங்கும், ஸ்லைடு முழுக்க மூடாது. கை நகத்தைவிடச் சின்னத் துண்டு அது. அதற்காக என் மணிக்கட்டை இரண்டு வருடம் குற்றவாளியாக்கி வைத்திருந்தார்கள். சீட்டில் வருத்தம் என்று ஒரு சொல் இல்லை.

திரும்பி வந்த பிறகு 620 சுட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒற்றைக் கையிலும் சுட்டேன், இடது கையிலும் சுட்டேன், வேண்டுமென்றே தளர்த்திப் பிடித்தும் சுட்டேன். அழகாக ஓடுகிறது.

இதற்கிடையில் நானாகக் கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் தினமும் வந்ததும் காலி செய்து பெட்டியில் பூட்டுவேன், மறுநாள் மறுபடி ஏற்றுவேன். மேலே இருந்த அதே தோட்டா தினமும் அறைக்குள் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் அதைப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் மேசையில் நிறுத்திப் பார்த்தால், குண்டு கூட்டுக்குள் நகத்தின் தடிப்புக்கு இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கிய தோட்டாவைச் சுட்டால் உள்ளே அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும், துப்பாக்கிக்கும் கைக்கும் ஆபத்து. இப்போது ஏற்றி இறக்கிய தோட்டாவை இரண்டு தடவைக்கு மேல் அறையில் போடுவதில்லை. அப்புறம் பருத்தி டாப்ஸின் பஞ்சு. வாரம் ஒரு முறை காலி செய்து, இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, பழைய டூத்பிரஷ்ஷால் அந்தக் கொக்கியின் பக்கம் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் திரித்திரியாக வரும்.

சரி, வாங்கலாமா?

வாங்காதே. ஓடுகிறது, மறைகிறது, துருப்பிடிக்கவில்லை, நேராகச் சுடுகிறது என்று நானேதான் எழுதினேன். இருந்தாலும் வேண்டாம். பழுது பார்க்க அனுப்புவதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு இரவு பதினொன்றரைக்கு நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, கடைசி பம்ப் பக்கத்தில் ஒரு கார் விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது. பத்து நிமிடம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. ஒரு கையில் சாவி, மறு கையில் பணப்பை. மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: எடுக்க வேண்டி வந்தால் அது மூடுமா? கடைசியில் அந்த ஆள் போனைப் பார்த்து முடித்துவிட்டுப் போய்விட்டார், பாவம், எங்கேயோ வழி தேடிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை இந்த பிஸ்டல் எனக்கு இன்னும் திருப்பித் தரவில்லை. 620 தோட்டா போதாது. எத்தனை போதும் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு நான் சொல்வது, ஒரு அளவு பெரியதாகப் பார். க்ளாக் 19 1988இலிருந்து இருக்கிறது. மறைக்க டாப்ஸ் இன்னும் கொஞ்சம் தொளதொளப்பாக வேண்டும், அவ்வளவுதான். அது பெரிது என்று தோன்றினால் ஐந்து தோட்டா ரிவால்வர். விசை கடினம், சுட்டால் கை வலிக்கும், ஆனால் ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. இருநூறு தோட்டா வாங்கி வை, நோட்டு நான் கொண்டு வருகிறேன். என்னுடையதையும் சுட்டுப் பார், க்ளாக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், தன் ரிவால்வரைத் தருவதாக உன் அத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றையும் இரண்டு கையாலும் சுடு, ஒற்றைக் கையாலும் சுடு. யாராவது உன் மணிக்கட்டைப் பற்றிப் பேச வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.