பெண்டாக்ஸ் கே1000-ஆ, கேனன் ஏஇ-1-ஆ?

முதல் ஃபிலிம் கேமரா தேடுகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுமே 1976-இல் வந்தவை.

பேட்டரி: கே1000-க்கு அது ஒளிமானிக்கு (ஒளியை அளக்கும் கருவி) மட்டும், தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும். ஏஇ-1 பேட்டரி இல்லாமல் படமே எடுக்காது.

பயன்பாடு: கே1000-இன் வியூஃபைண்டரில் வலப்பக்கம் ஒளிமானியின் முள் ஒன்று ஆடும். ஷட்டர் வேகத்தையோ அப்பர்ச்சரையோ (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ரோலில் எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்றாவது ரோலில் முள்ளைப் பார்க்குமுன்பே விரல் திரும்பிவிடும். ஏஇ-1-இல் லென்ஸை ‘ஏ’-யில் வைத்து வேகத்தை மட்டும் சொன்னால் போதும், அப்பர்ச்சரை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பழையதாக வாங்கும்போது: ஏஇ-1-இன் ஷட்டரை அழுத்திக் காதுகொடுத்துக் கேளுங்கள். கீச்சென்று இருமினால் உள்ளே எண்ணெய் வறண்டிருக்கிறது, சர்வீஸ் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். கே1000-இல் ஒளிமானியை அணைக்கப் பொத்தான் கிடையாது (இது ஏனோ பலருக்குத் தெரிவதில்லை). லென்ஸ் மூடியைப் போட்டுவைத்தால்தான் பேட்டரி நீடிக்கும்.

ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க ஏஇ-1 வசதி. ஒளியைக் கணிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், தயங்காமல் கே1000.