குன்னூர், ஊட்டி பக்கம் கிளி வளக்குறவங்க வீட்டுக்கு ஆள் வெச்சு சாப்பாடு போடச் சொல்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், கோவத்துல எழுதுனா ஒன்னு கெடக்க ஒன்னு எழுதிருவேன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். இப்ப எழுதறேன். பேர் போடல, ஆனா "நீங்க வெளிய போனா உங்க செல்லத்த நாங்க பாத்துக்கறோம்"னு நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் போஸ்டர் போடற ஆளுங்க தான்.

எங்க வீட்ல சன் கான்யூர்ங்கற வெளிநாட்டுக் கிளி ஒன்னு இருக்கான், பேர் மஞ்சு. வீடு குன்னூர்ல, எனக்கு வேல ஊட்டில. காலைல எட்டு மணிக்கு முன்னாடி கெளம்புனா வீடு திரும்ப சாயங்காலம் ஆறரை ஆயிரும், பஸ் கெடைக்கலன்னா ஏழு. மத்தியானம் அம்மா இருப்பாங்க, அவங்க தான் கிண்ணத்த ஊதிவிட்டு வெத போட்டு தண்ணி மாத்துவாங்க. தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா திருப்பூர் போயிட்டாங்க, அதனால மத்தியானத்துக்கு ஒரு ஆள் வேணும்னு தேடுனேன். இவங்க கெடச்சாங்க. மாசம் 4,500 ரூபா, முழுசும் அட்வான்ஸ். தெனமும் பன்னெண்டரைக்கு வருவோம், பழைய சாப்பாட்ட எடுத்துட்டு புதுசு வெப்போம், தட்டுல பேப்பர் மாத்துவோம், போட்டோ அனுப்புவோம்னு சொன்னாங்க. வந்த பையன் பேச்சு அவ்வளவு மரியாதையா இருந்துச்சு, "அக்கா நீங்க கவலையே படாதீங்க, எங்க வீட்லயும் பறவைங்க தான்"னான். என்ன குடுக்கணும், என்ன குடுக்கக் கூடாதுன்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதி கூண்டு மேலயே ஒட்டி வெச்சேன், சாவியும் குடுத்தேன்.

தெனமும் ஆபீஸ்ல சாப்பிடற நேரத்துக்கு கரெக்டா போட்டோ வரும். நெறைஞ்ச கிண்ணம், பக்கத்துல மஞ்சு. பாத்துட்டு நிம்மதியா சாப்பிடுவேன்.

அப்பறம் கொழந்தைக்கு பேர் வெக்கறதுக்காக திருப்பூர் போனேன். வெள்ளி சாயங்காலம் கெளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பறதா பிளான், அந்த ரெண்டு நாளும் காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ வரணும்னு சொல்லி அதுக்கு தனியா காசும் குடுத்தேன். கெளம்பறப்ப நானே கிண்ணம் நெறைய போட்டு, தட்டுல அன்னைக்கு பேப்பர விரிச்சு வெச்சுட்டு தான் போனேன். சனிக்கெழம போட்டோ வந்துச்சு. ஞாயித்துக்கெழம காலைலயும் வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணாங்க. ஐப்பசி மழை, உங்களுக்கே தெரியும் நம்ம குன்னூர் கோத்தகிரி பக்கம் அந்த மழை தான் ஜாஸ்தி, "நேத்துல இருந்து ஒரே மழையும் மேகமும்மா, எதிர் வீடே தெரியல, கரண்ட் வேற இல்ல, உங்க வீட்டுக்கு யாரும் வந்த மாதிரியே தெரியலயே"ன்னாங்க. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. போன கட் பண்ணிட்டு அன்னைக்கு வந்த போட்டோவ பெருசு பண்ணி பாக்கறேன், ஜன்னல்ல பளிச்சுன்னு வெயில்! கூண்டுக்குள்ள செவப்பு மணி கோத்த மரத்துண்டு ஒன்னு தொங்குது, அத மஞ்சு கடிச்சு நாரு நாரா ஆக்கிட்டான்னு அதுக்கு முந்துன வாரமே நான் கழட்டி குப்பைல போட்டாச்சு. ஒரே நாள்ல ஏழெட்டு போட்டோ எடுத்து வெச்சுகிட்டு தெனமும் ஒன்னு ஒன்னா அனுப்பிருக்காங்க.

உடனே கெளம்புனோம். மேட்டுப்பாளையம் வந்தா பர்லியார் ரோட்ல மண்சரிவு, கோத்தகிரி வழியா சுத்தி விட்டாங்க. அந்த ரோட்ல மேகத்துக்குள்ள வண்டி ஊர்ந்து ஊர்ந்து வர்றப்ப நான் கும்பிடாத சாமி இல்ல.

கேட் சத்தம் கேட்டாலே தெரு முழுக்க கேக்கற மாதிரி கத்தறவன், சன் கான்யூர் வெச்சிருக்கறவங்களுக்கு அந்த கத்தல் எப்படின்னு தெரியும், அன்னைக்கு ஒரு சத்தம் இல்ல. கூண்டோட அடித்தட்டுல மூலைல இறகெல்லாம் உப்பிகிட்டு கண்ண பாதி மூடி உக்காந்திருக்கான். கிண்ணம் நெறைய இருக்கு. கைய விட்டு பாத்தா அத்தனையும் உமி. வாயால ஒரு ஊது ஊதுனேன், மொத்தமும் பறந்துருச்சு, அடியில ஈரத்துல ஒட்டிப் போன சூரியகாந்தி வெத நாலஞ்சு, அதுலயும் கறுப்பா பூஞ்சை. இது கிளி வளக்கறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், கிளி வெதய முழுசா முழுங்காது, உரிச்சு பருப்ப தின்னுட்டு தோல அதே கிண்ணத்துல போடும், தெரியாதவங்க பாத்தா கிண்ணம் அப்படியே நெறஞ்சு இருக்கற மாதிரி தான் இருக்கும். தண்ணிக் கிண்ணத்துல நம்ம ஊர் பேக்கரி வர்க்கி ஒன்னு ஊறி கூழாகி மெதந்துகிட்டு இருக்கு. வர்க்கி எங்க வீட்ல வாங்கறதே இல்ல. வெள்ளிக்கெழம நான் கெளம்புன பின்னாடி ஒரே ஒரு தடவ வந்து இத போட்டுட்டு போயிருக்கான். தட்டுல நான் விரிச்ச அதே வெள்ளிக்கெழம பேப்பர், அதுல எச்சம் கொஞ்சமே கொஞ்சம், கரும்பச்சையா. சரியா சாப்பிடற கிளியோட எச்சம் அப்படி இருக்காது, திடமா ஒரு பகுதி, வெள்ளையா ஒரு பகுதி, தண்ணியா ஒரு பகுதின்னு மூணும் இருக்கும்.

கிச்சன் தராசுல வெச்சேன். எப்பவும் 112 கிராம் இருப்பான், அன்னைக்கு 96. நெஞ்செலும்பு கைல கத்தி மாதிரி தட்டுப்பட்டுச்சு.

கோயமுத்தூர்ல பறவைங்க பாக்கற டாக்டர் ஒருத்தர் நம்பர் இருந்துச்சு, அந்த நேரத்துலயும் எடுத்தாரு, நல்லா இருக்கணும் அந்த மனுஷன். "உடனே சாப்பாட்ட திணிக்காதீங்க, மொதல்ல சூடு, அப்பறம் தண்ணி, அதுக்கப்பறம் தான் சாப்பாடு. சிரிஞ்சுல வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிரும்"னாரு. கரண்ட் வந்திருந்துச்சு, கூண்ட போர்வையால பாதி மூடி பக்கத்துல குண்டு பல்ப் போட்டு வெச்சேன். நம்ம ஊர்ல குளிருக்கு கரி அடுப்பு மூட்டி உள்ள வெக்கற பழக்கம் இருக்கு, அத மட்டும் பண்ணிராதீங்க, அந்த பொகை மனுஷனுக்கே எமன், பறவைக்கு அதவிட சீக்கிரம். விடிஞ்சதும் கோயமுத்தூர் ஓடுனோம், டாக்டர் குழாய் வழியா தீனிப்பைல நேரா சாப்பாடு குடுத்து ரெண்டு நாள் அங்கயே வெச்சிருந்தாரு. பொழச்சுகிட்டான்.

அந்த பையனுக்கு போன் பண்ணா நாக்கூசாம சொல்றான், "கிண்ணம் நெறையத்தானே அக்கா இருந்துச்சு, அதான் மேல போடல". வந்தியா இல்லயான்னு கேட்டா மழுப்பல். "போன வாரம் சாக்லேட் கூட குடுத்தோம்க்கா, நல்லா சாப்ட்டான்"னு வேற சொல்றான். சாக்லேட்! கூண்டு மேல ஒட்டுன தாள்ல மொத வரியே அது தான். சாக்லேட்ல இருக்கற தியோப்ரோமின் கிளிக்கு வெஷம், நம்ம ஊர் ஹோம்மேட் டார்க் சாக்லேட்ல அது இன்னும் ஜாஸ்தி. இத்துனூண்டு ஒடம்புக்கு ஒரு துண்டு போதும்.

அப்பறம் ஓனர்கிட்ட பேசுனேன். காச திருப்பிக் குடுங்க, ஆஸ்பத்திரி செலவ குடுங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதில் தான் எனக்கு இன்னும் வயிறு எரியுது. "கிளி வளக்கறதே சட்டப்படி குத்தம் மேடம், கம்ப்ளைன்ட் குடுத்தா பாரஸ்ட்காரங்க மொதல்ல உங்க வீட்டுக்கு தான் வருவாங்க." வேற யாராவதா இருந்தா பயந்துட்டு போன கீழ வெச்சிருப்பாங்க. நான் வெக்கல. தடை நம்ம நாட்டு கிளிகளுக்கு, பச்சைக்கிளி மாதிரி, அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, அத வீட்ல வெச்சிருந்தா நெசமாவே குத்தம், வளக்காதீங்க. சன் கான்யூர் தென் அமெரிக்கா பறவை. அதுக்கு அதே சட்டத்தோட 2022 திருத்தத்துக்கு அப்பறம் பதிவு பண்ணணும், 2024ல அதுக்கு ரூல்ஸ் வந்துச்சு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல மஞ்சுவுக்கு பதிவு இருக்கு. அந்த சான்றிதழ அனுப்புனேன், அதோட என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு. உங்க பறவைக்கு பதிவு வேணும்னா அத முடிச்சு வெச்சுக்கோங்க, இந்த மாதிரி ஆளுங்க மெரட்டறப்ப அந்த ஒரு தாள் தான் கை குடுக்கும்.

டாக்டர் சொன்ன இன்னொன்னு தான் எனக்கு பெரிய ஆச்சரியம். கிளிக்கு மத்தியான சாப்பாடுன்னு ஒன்னு கட்டாயமே இல்லயாம். காட்டுல அதுங்க விடிஞ்சதும் ஒரு தடவ, பொழுது சாயறதுக்கு முன்னாடி ஒரு தடவ தான் நல்லா மேயும், நடு மத்தியானம் நெழல்ல உக்காந்திருக்கும். அதனால வேலைக்கு போறவங்க காலைல காய் பழம் கீரை குடுத்து, கெளம்பறப்ப மிச்சத்த எடுத்துட்டு, பெல்லட் மாதிரி காஞ்ச தீனிய ரெண்டு கிண்ணத்துல பிரிச்சு வெச்சுட்டு, தண்ணியும் ரெண்டு எடத்துல வெச்சுட்டு போனா போதும், சாயங்காலம் வந்து மறுபடி புதுசா குடுக்கலாம். வெட்டுன பழம், அவிச்ச தானியம் இதெல்லாம் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல கூண்டுல கெடக்கக் கூடாது. நம்ம ஊர் ஈரத்துக்கு வேர்க்கடலையும் வெதயும் பூஞ்சை புடிச்சுரும், மூட்டையா வாங்காம கொஞ்சமா வாங்கி டப்பால அடைச்சு வெய்ங்க. நான் இப்ப அப்படித்தான் பண்றேன், பகல் முழுக்க ஆள் இல்லாமயே நல்லா இருக்கான், வெயிட்டும் பழைய மாதிரி வந்துருச்சு. கரண்ட்ல ஓடற ஆட்டோமேட்டிக் பீடர் மட்டும் வேண்டாம், மழைக்காலத்துல நம்ம ஊர் கரண்ட நம்பி பறவைய விட முடியாது.

ராத்திரி தங்கற மாதிரி வெளியூர் போனா தான் ஆள் கட்டாயம் வேணும், சின்னப் பறவைக்கு ஒரு நாள் முழுக்க பட்டினின்னாலே ஆபத்து. அப்ப போட்டோவ நம்பாதீங்க, வீடியோ கால் போட்டு கிண்ணத்த ஊதிக் காட்டச் சொல்லுங்க. தட்டுல புதுப் பேப்பர் போட்டு தேதி தெரியற மாதிரி காட்டச் சொல்லுங்க. தராசுல நிக்க வெச்சு காட்டச் சொல்லுங்க. மூணுக்கும் ரெண்டு நிமிஷம் தான் ஆகும், அதுக்கே மூஞ்சி சுழிக்கறவங்க வேண்டாம். இன்னொரு சாவி பக்கத்து வீட்ல இருக்கட்டும். பட்டர் ப்ரூட் (அவகாடோ) கூடவே கூடாதுன்னு வாயால சொல்லிருங்க, நம்ம பக்கம் தோட்டத்துக்கு தோட்டம் காய்க்கறதால பழந்தானேன்னு பாசத்துல குடுத்துருவாங்க, அது கிளிய கொன்னுரும். வர்க்கியும் வேண்டாம், டால்டாவும் உப்பும் தான் அதுல.

முழு காசயும் முன்னாடியே குடுக்காதீங்க. ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதியலாம், நான் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டிலயே இருக்கு, 5 லட்சம் வரைக்கும் கோர்ட் பீஸ் கெடையாது, வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னும் இல்ல. அங்கயும் மனு குடுக்கப் போறேன், வெயில் அடிச்ச அந்த போட்டோவும் வாட்ஸ்அப் மெசேஜும் பணம் அனுப்புன ரசீதும் ஆஸ்பத்திரி பில்லும் எல்லாம் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். இதே ஆளுங்ககிட்ட உங்க பறவையோ நாயோ பூனையோ கஷ்டப்பட்டிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, உங்ககிட்ட இருக்கற ஸ்கிரீன்ஷாட்டையும் சேத்து குடுக்கலாம்.