பட்ஜெட் செடான் வாங்கப் போகிறீர்களா? ஷோரூமில் இந்த மூன்று இடத்தில் உஷார்

செடான் (டிக்கி தனியாக நீட்டிய கார்) கேட்டு வருபவரை, ஷோரூம் விற்பனையாளர்கள் "இப்ப யார் சார் செடான் வாங்குறாங்க? இன்னும் ஒரு லட்சம் போட்டா எஸ்யூவியே வந்துடும்" என்று மடக்குவது வாடிக்கையாகிவிட்டது. (அதிகம் விற்கும் கார்களில் மாருதியின் டிசையர் செடானும் ஒன்று என்பது வேறு கதை.) அந்த ஒரு லட்சம்தான் பொய்க்கணக்கு. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13%. பத்தைத் தாண்டினால், இருபது வரை 18%, அதுவும் மொத்த விலைக்கும். 9.90 லட்சம் செடானுக்கு வரி 1,28,700 ரூபாய், 10.90 லட்சம் எஸ்யூவிக்கு 1,96,200. மேற்கொண்டு 1% டிசிஎஸ் (டீலர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) 10,900. இது வருமான வரிக் கணக்கில் திரும்பும் என்றாலும் இன்று கையை விட்டுப் போகும். ஆக, ஒரு லட்சம் என்றது 1,78,400. இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை. கொட்டேஷனில் "ஆன்ரோடு" என்று ஒரே தொகையாக எழுதித் தந்தால், பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு மசியாமல் செடானே கேட்பவரிடம் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள். டிசையர் தவிர மற்ற செடான்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. யார்டில் மாதக்கணக்கில் வெயில் தின்ற வண்டி பாலிஷ் போட்டுக்கொண்டு வரும். முழுப் பணம் கட்டுமுன் சேஸிஸ் நம்பரை எழுதி வாங்குங்கள். அதன் பதினேழு எழுத்து, எண்களில் பத்தாவது பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும்: R என்றால் 2024, S 2025, T 2026. மாதக் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டயர் பக்கவாட்டில் 1825 என்றிருந்தால் 2025-இன் 18-வது வாரம். காருக்கு முன்பே டயர் தயாராகிவிடும் என்பதால் சில வார வித்தியாசம் சகஜம். பல மாதம் என்றால் கேள்வி கேளுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிக் கிடந்திருக்கிறது.

இதைவிட மோசம் ஃபார்ம் 20, அதாவது வண்டியைப் பதிவு செய்யும் விண்ணப்பம். "அவசரம் சார், நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்" என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உற்பத்தி மாதம், ஆண்டு கேட்கும் கட்டம் அதில்தான் இருக்கிறது. ஆர்சியில் ஏறுவது அந்த மாதமும் ஆண்டும். நாளை விற்கும்போது விலை பேசுவதும் அதை வைத்துத்தான். கட்டத்தை நிரப்பி, சேஸிஸ் நம்பரோடு ஒப்பிட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். பழைய ஸ்டாக்கே போதும் என்றால் தள்ளுபடியை அப்போதே அடித்துப் பேசுங்கள். பதிவு நம்பர் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தரச் சொன்னால் டீலர் கேட்க மாட்டார்.