நானூறா, இருநூறா, பசைக் குப்பியா?

ஏர் இந்தியாவின் பழைய ஜம்போவைப் பார்த்தவர்கள் அதன் ஜன்னல்களை மறந்திருக்க மாட்டார்கள். 1971-இல் வந்த முதல் போயிங் 747-க்கு 'எம்பரர் அசோகா' என்று பெயர். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் அரண்மனைச் சாளரம்போல ஒரு சிவப்பு வளைவு தீட்டியிருந்தார்கள். அந்த விமானத்தின் 1:400 உலோக மாதிரி ஒன்று, அதாவது நிஜத்தின் நானூறில் ஒரு பங்கு நீளம் உள்ளது, என் அலமாரியில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அதில் ஒரு ஜன்னலின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனாலும் பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் வளைவுகள் தனித்தனியாகத் தெரிகின்றன; கூர்முனைகூட மழுங்கவில்லை. மென்மையான சிலிக்கான் மெத்தையில் மையை ஏற்றி, விமானத்தின் உருண்ட உடலில் ஒற்றியெடுக்கும் அச்சுமுறையின் வேலை இது. எனக்குப் பித்துப் பிடித்தது இந்த ஒரு விமானத்தால்தான். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

விமான மாதிரிகளைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும்: 1:400 உலோக மாதிரி, 1:200 உலோக மாதிரி, நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட். ஜெர்மனியின் ஹெர்பா நிறுவனம் 1:500-இலும் செய்கிறது. அழகுதான், ஆனால் என் வயதுக் கண்ணுக்கு ஆகாது.

கடையில் நிற்கும்போது 400-க்கும் 200-க்கும் இடையே இரண்டு மடங்குதானே வித்தியாசம் என்று தோன்றும். ஏமாறுவது அங்கேதான். நீளம் இரண்டு மடங்கானால் அலமாரித் தட்டில் பிடிக்கும் இடம் நான்கு மடங்காகிறது. நிஜமான 747-400-இன் நீளம் 70.6 மீட்டர், இறக்கைமுனையிலிருந்து இறக்கைமுனைக்கு 64.4 மீட்டர். 1:400-இல் அது பதினேழரைச் சென்டிமீட்டர் சொச்சம். மூன்றடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள புத்தகத் தட்டில் ஐந்து விமானங்கள் வரிசையாக நிற்கும். 1:200-இல் அதே விமானம் 35 சென்டிமீட்டர். ஓரடித் தட்டில் நேராக வைத்தால் மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வீடு பெருக்குபவரின் முழங்கை எந்த நாளில் அதைச் சந்திக்கும் என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் வீட்டில் நான்காம் நாள்.

ஆனால் விமானம் சிறியதாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். டக்கோட்டா என்று நாம் அழைக்கும் பழைய பயணிகள் விமானமான டிசி-3-இன் நீளம் 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 1:400-இல் வாங்கினால் ஐந்து சென்டிமீட்டர். பேனா மூடியைவிடக் கொஞ்சம் பெரிது. சக்கரக் கால்கள் அளவுக்கு மீறித் தடித்து, வாத்துக்குப் பூட்ஸ் மாட்டியதுபோல் இருக்கும். உலோகத்தை அச்சில் வார்க்கும்போது ஒரு மட்டத்துக்குமேல் மெலிதாக்க முடியாது என்பதே காரணம். 1:200-இல் அதே டக்கோட்டா உள்ளங்கையில் பாந்தமாக உட்காரும். ஏடிஆர் போன்ற சிறு விமானங்களுக்கும் இதுவே பொருந்தும். அதற்காக ஜம்போவை 400-இலும் டக்கோட்டாவை 200-இலும் வாங்கி அருகருகே வைத்துவிடாதீர்கள். நிஜத்தில் ஜம்போவின் கால்பங்குக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள விமானம், தட்டில் அதன் பாதியைத் தாண்டி நிற்கும். பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். ஓர் அளவு என்று முடிவு செய்தால் அதிலேயே நிற்பது நல்லது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. சுங்க அட்டவணையில் அளவு மாதிரிகளும் பொம்மைகளும் 9503 என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. கிலுகிலுப்பைக்குத் தொடுத்த அம்பு சேகரிப்பாளர் மீதும் பாய்ந்தது. விலை உயர உயர வரியும் கூடவே உயர்வதால், 1:200 வாங்குபவருக்குத்தான் அடி பலம். தவிர, எனக்கு வந்த ஒரு பார்சலில் முன்சக்கரம் தனியே உருண்டுகொண்டிருந்தது. விற்றவர் கூரியரைக் கைகாட்டினார், கூரியர் விற்றவரைக் கைகாட்டியது. கடைசியில் நான்தான் ஒட்டினேன்.

ஒட்டுவது என்றதும் பிளாஸ்டிக் கிட் நினைவுக்கு வருகிறது. 1936-இல் இங்கிலாந்தின் ஃப்ராக் நிறுவனம் பெங்குவின் என்ற கிட் வரிசையை வெளியிட்ட காலத்திலிருந்தே 1:72 இதில் புழங்கும் அளவு. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற எளிய கணக்கு. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் இதில் 12.7 சென்டிமீட்டர் நீளம் வரும். 1:400-இல் அதை எறும்புப் புற்றருகே தேடவேண்டியிருக்கும். போர் விமானம்தான் உங்கள் ஆசை என்றால் போட்டியே இல்லை, கிட்தான். 1:72-இல் உலோகத்திலும் போர் விமானங்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்த விலைக்குச் சில கிட்டுகளும் வண்ணங்களும் வாங்கிவிடலாம்.

இங்கே விலை குறைவு, கூலி அதிகம். கூலி என்பது நம் மாலைகள். விமானி அமரும் கூண்டின் கண்ணாடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். மறுநாள் காலை மார்கழிப் பனி படிந்ததுபோல் உள்பக்கம் வெளுத்திருந்தது. அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்துவிடும், வெள்ளைப் பசைதான் அதற்கு ஏற்றது என்பது பிறகு தெரிந்தது. அடுத்து ஒரு பயணிகள் விமானம். மூக்கில் எடை வைக்கச் சொல்லும் குறிப்பைப் படிக்காமல் உடலின் இரு பாதிகளையும் ஒட்டி மூடிவிட்டேன். வண்ணம் பூசி, தண்ணீரில் நனைத்த ஒட்டுப்படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, எல்லாம் முடித்து மேசையில் நிறுத்தினால் நாய்போல் வாலை ஊன்றி உட்கார்ந்துகொண்டது. ஸ்பிட்ஃபயர், டக்கோட்டா போன்றவற்றுக்கு வாலடியில் சக்கரம். இந்தத் தொல்லை கிடையாது. முதல் கிட் அப்படி ஒன்றாக இருக்கட்டும்.

ஆகவே, நிறைய விமானக் கம்பெனிகளின் வண்ணங்களை ஒரே சுவரில் பார்க்க வேண்டுமென்றால் 1:400. ஒன்றிரண்டே போதும், ஆழமான தட்டும் கண்ணாடிக் கதவும் உண்டு என்றால் 1:200. ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா கிடக்கிறது என்றால் கிட். என் பணம் இன்னும் நானூறுக்குத்தான் போகிறது. வாலூன்றிய விமானத்துக்கு முன்சக்கரத்தடியில் ஒரு சொட்டுப் பசை வைத்து, மரப்பலகையில் நிறுத்தியிருக்கிறேன். வருபவர்கள் அதைத்தான் முதலில் கையில் எடுக்கப் போகிறார்கள்.