நகராட்சியின் கட்டடத் திட்ட ஆய்வு: கவுன்டரில் நல்ல சேவை, கூட்டம் மட்டும் ரொம்பத் தாமதம்

நகர மையத்தில் ஆறு தளக் கட்டடம் ஒன்று வரப்போகிறது. கீழே கடைகள், மேலே வீடுகள். அனுமதி தருவதற்கு முன் நகராட்சி ஒரு கூட்டம் போட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஹோட்டல் சமையலறைகளுக்கு எக்ஸாஸ்ட் டக்ட், அதாவது புகையை வெளியேற்றும் குழாய், போடுவது என் தொழில். இந்தக் கட்டடத்தில் எனக்கு ஒப்பந்தமோ பங்கோ கிடையாது. பக்கத்துத் தெருவில் குடியிருப்பவன் என்ற முறையில்தான் போனேன்.

முதலில் கவுன்டர். அங்கே கிடைத்த சேவையை மனதாரப் பாராட்டுகிறேன். திட்டப் பிரிவில் இருந்த அந்த இளம் அதிகாரி எல்லா வரைபடங்களையும் மேசையில் விரித்து, நிதானமாகப் பார்க்கச் சொன்னார். தெரியாததற்கு மழுப்பவில்லை, உள்ளே போய்ப் பொறியாளரைக் கூட்டிவந்தார்.

நான் கேட்டது வெட்டுத் தோற்றம், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக அறுத்துக் காட்டும் படம். முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைகள் பிழைக்குமா என்பது அதில்தான் தெரியும். தேடினேன், சமையல் புகைக் குழாய் மேலே போவதற்கான ஷாஃப்ட் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் சமையல் புகையை நடைபாதைப் பக்கம் விட முடியாது. மேலே ஜன்னல்கள் இருக்கின்றன. கூரைக்கு மேல் கொண்டுபோய்த்தான் விட வேண்டும். அதற்குத் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை, நெருப்பு தாங்கும் சுவரோடு ஒரே நேராக ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு பீரோ நிற்கும் இடம்தான் போகும். ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்பே அதை ஒதுக்க வேண்டும். வீடுகளை விற்ற பிறகு, ஐந்து தளத்துக்காரர்களிடமும் போய் உங்கள் வீட்டு மூலையைக் கொடுங்கள் என்று யார் கேட்பது? அதனால்தான் பல புதுக் கட்டடங்களில் கீழே கண்ணாடிக் கடைகள் பூட்டியே கிடக்கின்றன. சாப்பாட்டுக் கடை வைக்க ஆள் வருகிறது, வைக்க வழியில்லை. இந்த வேலையில் அதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

அப்புறம் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். பெரும்பாலான நேரம் உயரத்துக்கும் நிழலுக்கும் செங்கல் நிறத்துக்கும் போனது. நிழல் கவலை நியாயமானது. 1915-இல் நியூயார்க்கில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் சுற்றுத் தெருக்களை இருட்டாக்கியது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1916-இல் அந்த நகரம், உயரம் கூடக் கூடக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்று விதி போட்டது. இங்கேயும் மார்ச் 21, ஜூன் 21, டிசம்பர் 21 மூன்று நாளுக்கும் நிழல் படம் காட்டினார்கள், தெளிவாக இருந்தது.

பார்க்கிங் பேச்சில்தான் எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் கார் இடம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அந்த இடம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. தரைத்தளத்தின் பின்பாதி முழுவதும் காருக்குப் போனதால், கடைகள் ஆழமில்லாத ஒடுக்கமான பட்டையாகிவிட்டன. சமையலறையும் சரக்கு அறையும் வைத்துவிட்டு மிச்சத்தில் எத்தனை மேசை போட முடியும்? அமெரிக்காவில் பஃபலோ நகரம் 2017-இலேயே குறைந்தபட்சப் பார்க்கிங் கட்டாயத்தை, அதாவது கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை, நகரம் முழுக்க எடுத்துவிட்டது. எங்கள் விதிப்புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறது. அனுமதியை முடிவுசெய்யும் உறுப்பினர்கள் நல்லவர்களாக இருந்தும் கை கட்டப்பட்டிருந்தது.

என் பெரிய குறை இதுதான்: கூட்டம் நடக்கும்போது வரைபடம் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. தூண் எங்கே, லிஃப்ட் எங்கே, குப்பை அறை எங்கே என்பதெல்லாம், விண்ணப்பம் போடுவதற்கு முன் கட்டுநரும் அதிகாரிகளும் உட்காரும் முதல் சந்திப்பிலேயே ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். அது நடப்பதே மக்களுக்குத் தெரிவதில்லை. இங்கே தபால் அறிவிப்பும் சொத்து உரிமையாளர்களுக்கு மட்டும்தான். அதே தெருவில் வாடகைக்குக் கடை நடத்துகிறவர்களுக்கு வரவில்லை. தரைத்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

முடிவில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. மூலைக் கடைக்கு ஒரு ஷாஃப்ட் விட வேண்டும் என்பதும் அதில் ஒன்று. நான் இரண்டு கேட்டிருந்தேன். அந்த ஒன்றும் மூன்று நிமிடப் பேச்சால் வரவில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடிதத்தை அதே கவுன்டர் அதிகாரி தன் அறிக்கையோடு சேர்த்திருந்தார்; உறுப்பினர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

கவுன்டருக்கு ஐந்துக்கு ஐந்து, கூட்டத்துக்கு இரண்டு. உங்கள் பகுதியில் இப்படி ஒரு கட்டடம் வந்தால், முகப்புப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு வெட்டுத் தோற்றத்தைக் கேளுங்கள். சொல்ல வேண்டியதை அதிகாரியின் அறிக்கை தயாராவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.