மினி பஸ் பென்டிரைவை எந்த கேமில் செருகுவது?

மாமா கும்பகோணம் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறார். அவர் பென்டிரைவில் நாகூர் ஹனிபா, நையாண்டி மேளம், ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம் எல்லாம் கலந்து கிடக்கும், பாதிக்குப் பெயர்கூட இல்லை, 001, 002 என்று எண்தான். இதைக் கேமுக்குள் வண்டி ஓட்டும்போது கேட்கிற ரேடியோவில் ஓடவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 இருந்தால் மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்கள்) எதுவுமே வேண்டாம். டாகுமெண்ட்ஸில் அந்த கேமின் ஃபோல்டருக்குள் யூசர் மியூசிக் என்று ஒன்று இருக்கும், எம்பி3-களை அதில் போட்டு, ஆடியோ செட்டிங்கில் ஸ்கேன் கொடுத்தால் நம் பாட்டுகளே ஓடும் செல்ஃப் ரேடியோ என்ற ஸ்டேஷன் வந்துவிடும். வரிசையாகவும் கேட்கலாம், கலைத்துப் போட்டும் கேட்கலாம், ஆனால் 'ரேடியோ' என்கிற மூன்றாவது வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவில் அடித்து ஓய்ந்ததும் அறிவிப்பாளர் வந்து பேசுவார், விளம்பரம் ஓடும், அப்புறம் ஹனிபா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதே கேமில் ஓப்பன்ஐவி என்ற, கேம் ஃபைல்களைத் திறந்து மாற்றும் கருவியை வைத்து, இருக்கிற ஸ்டேஷனின் பாட்டையே மாற்றுவோரும் உண்டு. பாட்டை வேவ் ஃபைலாக்கி, இடது வலது எனத் தனித்தனியாகப் பிரித்து உள்ளே திணித்த பிறகும் திரையில் பழைய பாட்டின் பெயர்தான் தெரியும். அந்த மாட் போட்டபடி ஆன்லைன் பக்கம் போனால் தடை விழலாம். வேண்டாத வேலை.

சைபர்பங்க் 2077-க்கு ரேடியோஎக்ஸ்ட் என்று ஒரு மாட். அது ஓடத் தேவையான சைபர் எஞ்சின் ட்வீக்ஸ், ரெட்4எக்ஸ்ட் என்ற துணை மாட்கள் இரண்டையும் முதலில் போட்டாக வேண்டும், கேம் அப்டேட் ஆனால் இவையும் அப்டேட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பலன் பெரிது: பழைய ஸ்டேஷன் எதையும் தொடாமல் நமக்கென்று ஒரு புது ஸ்டேஷன். ஒரு ஃபோல்டர், அதில் பாட்டுகள், கூடவே மெட்டாடேட்டா.ஜேசன் ஃபைல்; பெயர், அலைவரிசை, சத்த அளவு எல்லாம் அதில்தான். நான் ஒரு கமாவை விட்டுவிட்டு, ஸ்டேஷனைக் காணோமே என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன்.

லாரி ஓட்டும் கேமான யூரோ டிரக் சிமுலேட்டர் 2-வில் மியூசிக் ஃபோல்டரில் எம்பி3-யோ ஓஜிஜியோ போட்டால் போதும். லைவ்_ஸ்ட்ரீம்ஸ்.எஸ்ஐஐ ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் இணைய வானொலியும் வரும்; நேரலை முகவரி கையில் இருந்தால் காரைக்கால் பண்பலை கேட்டுக்கொண்டே ஜெர்மனியில் லாரி ஓட்டலாம். கேம் பட்டியலைப் புதுப்பித்தால் நாம் சேர்த்த வரி போய்விடும், நகல் எடுத்து வையுங்கள். நடுவில் பேச அறிவிப்பாளர் கிடையாது. அதனால்தான் ராஜரத்தினம் பிள்ளையின் நீண்ட தோடி ராக ஆலாபனைக்கு இதுவே சரி: வரைபடம் 1:19 அளவில் சுருங்கியதுதான் என்றாலும் பிரான்ஸின் கலேயிலிருந்து பெர்லின் போக அரை மணி நேரமாவது ஆகும். ஜிடிஏ-வில் அதற்குள் நாலு கார் மாறியிருப்பேன்.

மாமாவுக்கு ஜிடிஏ, லாரி கேம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். செல்ஃப் ரேடியோவைக் கேட்டவர், "பாட்டுக்கு நடுவுல எவன்டா இவன் பேசிக்கிட்டு?" என்று எரிச்சலாகிவிட்டார். லாரி சீட்டிலிருந்து எழுப்பத்தான் முடியவில்லை.